மலைவழி காட்டியவர்கள்

செட்டியார்பட்டியின் எந்தத் தெருமுனையில் நின்று மேற்கே நோக்கினாலும் மலை தெரியும். காலை வெயிலில் மடிப்பு மடிப்பாகத் தெளிந்தும், நண்பகலில் புகைபோல் மங்கியும், மாலையில் கதிரவனைத் தன் பின்னே மறைத்துக்கொண்டு கறுத்தும் அது நிற்கும். அம்மலையைப் பார்த்தபடியே நாங்கள் பிறந்தோம், வளர்ந்தோம், பள்ளிக்குச் சென்றோம். ஆனால் அதன்மீது ஏறி நடந்தவர் எங்களுள் எத்தனை பேர்? ஆசிரியராய்ப் பணியாற்றிய காலத்தில் ஆண்டுதோறும் புதிய வகுப்பில் இக்கேள்வியைக் கேட்பது என் வழக்கம். நாலைந்து கைகள் உயரும். "மலையில் என்ன கண்டாய்?" என்று அடுத்துக் கேட்பேன். "அருவி பாத்தோம் சார், குளிச்சோம், கட்டுச்சோறு சாப்பிட்டோம்" என்பது விடை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இந்த விடை மாறவே இல்லை. மாணவரை நான் குறை கூறவில்லை. நானும் ஒரு காலத்தில் இத்தகைய விடையையே, அதுவும் பள்ளிப் பதிவேட்டிலேயே எழுதி வைத்தவன். அக்கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

மலையேற்றம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதிய பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். கயிறும் முதுகுப்பையும் கனத்த காலணியும் வேண்டுமானால் புதியனவாக இருக்கலாம். நடை பழையது. கால்நடையாக மலைகடந்து செல்வோருக்கு வழி சொல்வதையே பொருளாகக் கொண்ட ஒரு நூல் தமிழில் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாமே அது. கூத்தராற்றுப்படை என்றும் அதனை வழங்குவர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்ற நெடும்பெயர் உடைய புலவர் பாடியது. 583 அடிகள் கொண்டது. உ.வே.சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோது அதுவும் பலர் கைக்குக் கிட்டியது.

ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழி கூறுகிறான். இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கமே அந்தச் செங்கண்மா என்பர். அரசனைப் புகழும் பகுதியைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் நன்கு அறிவர். நான் உங்கள் கருத்தைத் திருப்ப விரும்புவது நூலின் நடுப்பகுதிக்கு. அது முழுவதும் வழிநடைப் பாடம். ஏட்டில் எழுதிய பாடமன்று, நடந்து திரும்பியவன் தன் கால் கற்றதைச் சொல்லும் பாடம்.

பன்றிக்காக வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆதலால் பொழுது புலர்ந்த பின் செல்லுங்கள் என்கிறான் அவன். பாம்புகள் ஒடுங்கியிருக்கும் இடங்களைக் குறித்துக் கடந்து போங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டப் பரணிலிருந்து கவண்கல் எறிவர். அக்கல் மரங்களில் மோதித் தெறித்து வரும். மர மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் கொடியைப் பற்றிக்கொண்டு, ஒருவரையொருவர் விடாமல் நடக்கச் சொல்லுகிறான். இரவில் குகையில் தங்கலாம் என்கிறான். இவை அனைத்தும் வெறும் எச்சரிக்கைகள் என்று தள்ளிவிட முடியுமா? பொறியைக் கண்டுகொள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். கவண்கல்லுக்கு ஒதுங்கக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பாசியை அறியப் பாதமே கண்ணாக வேண்டும். அஞ்சத்தக்கது எது என்று ஒருவன் சுட்டிக்காட்டும்போதே, அழகும் அதனோடு சேர்ந்து கண்ணில் படுகிறது.

அந்நூலின் பெயருக்குக் காரணமான பகுதியும் இதனோடு ஒட்டியதே. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகம் செய்து, மலையில் கேட்கும் ஓசைகளையெல்லாம் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். அருவியின் முழக்கம் அதில் உண்டு. முள்ளம்பன்றி தாக்கிப் புண்பட்ட கானவரின் அழுகை உண்டு. புலி கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறப் பாடும் குறமகளிரின் பாட்டு உண்டு. குட்டியைப் பிளவில் தவறவிட்ட மந்தி சுற்றத்தோடு அரற்றும் ஒலி உண்டு. தினை குற்றும் பாட்டும், கிளி கடியும் குரலும், கரும்பாலையின் இரைச்சலும் உண்டு. இன்பமும் துன்பமும் விலங்கும் மனிதரும் வேறுபாடின்றிக் கலந்த ஓசை அது. அமைதியை நாடி மலைக்குச் செல்வதாக நாம் இக்காலத்தில் சொல்லிக்கொள்கிறோம். அக்காலத்தார் மலையில் அமைதியைக் காணவில்லை. ஒரு பெரிய ஊரின் ஆரவாரத்தையே கேட்டனர். அவர்கள் செவியே மெய்யான செவி என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று. வழி பல கவடுகளாகப் பிரியும் காட்டில், புதியவர்களாகிய நீங்கள் சந்திதோறும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான் கூத்தன். பின்னே வருவோர் வழிதவறாதிருக்க அது அடையாளம். தனக்கு வழி தெரிந்த அளவில் நில்லாமல், தன் பின் வருபவனையும் நினைக்கும் அச்சொல்லைப் படிக்குந்தோறும் நான் சற்றே நின்றுவிடுவது உண்டு.

மேனாட்டு வரலாற்றில் மலையேற்றத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பயணத்தை. 1336 ஏப்ரல் 26-இல் தம் தம்பியோடு தென் பிரான்சிலுள்ள வாந்து மலைமீது அவர் ஏறினார். உயர்ந்த ஓரிடத்தைக் காணவேண்டும் என்ற ஆசை ஒன்றே காரணம் என்று கடிதத்தில் எழுதினார். மலையைக் காண்பதற்காகவே மலையேறிய முதல் புதுக்கால மனிதர் என்று அவரைப் புகழ்வோர் உண்டு. அக்கடிதத்தில் ஒரு முதியவர் வருகிறார். மலைச்சரிவில் ஆடு மேய்க்கும் இடையர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் ஏறி உடலும் உடையும் முள்ளாலும் பாறையாலும் கிழிபட்டதே கண்ட பயன் என்று கூறி அவர்களைத் தடுக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. பிறகு அவரே சிறிது தூரம் உடன் வந்து, பாறைகளின் இடையே செல்லும் செங்குத்தான வழியைச் சுட்டிக்காட்டுகிறார். வேண்டாத சுமைகளையும் அவரிடமே விட்டுச் செல்கின்றனர். அந்த இடையருக்குப் பெயர் இல்லை. பெட்ரார்க்குக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே அவ்வுச்சியில் நின்றவர் அவர் என்பதை, முதல்வர் யார் என்று வாதிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் மலைகளை அளந்த வரலாறு இவ்வாறே எழுதப்பட்டது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து பெரிய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அவருடைய கோணமானி ஏறத்தாழ அரை டன் எடை உடையது. அதனைக் குன்றுகளின் உச்சிக்கும் கோபுரங்களுக்கும் தூக்கிச் செல்ல வேண்டும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்ததும், லாம்டன் அதனைத் தம் கையாலேயே பல நாள் உழைத்துச் சீராக்கியதும் யாவரும் அறிந்த செய்தி. கயிற்றைப் பிடித்திருந்தவர் யார் யார் என்பது யாரும் அறியாத செய்தி. நம் மலைக்கு மேற்கேயுள்ள திருவிதாங்கூர் நாட்டை வார்டு, கானர் என்னும் இருவர் 1816 முதல் 1820 வரை அளந்தனர். காட்டுக் காய்ச்சலையும் மழையையும் பொறுத்து அவர்கள் செய்த பணி பெரிது, அதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கணவாய் கோடையில் வற்றும், எந்த ஊற்று வற்றாது, யானை எத்திங்களில் எப்பக்கம் இறங்கும் என்றெல்லாம் அவர்களுக்குச் சொன்னவர்கள் மலைவாழ் மக்களே அல்லரோ? படங்களில் மலையின் பெயர் உண்டு; வழி சொன்னவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

1953 மே 29-இல் எவரெஸ்டின் உச்சியில் ஹில்லரியோடு டென்சிங் நின்றார். சுமை தூக்குவோராகவும் வழிகாட்டிகளாகவும் அதுவரை பின்வரிசையில் நின்ற ஷெர்ப்பா மக்களுள் ஒருவர் உலகறிந்த பெயரானது அன்றுதான். இருவருள் முதலில் காலடி வைத்தவர் யார் என்று உலகம் சச்சரவிட்டது. கயிற்றின் இரு முனையிலும் கட்டுண்டவர்களிடம் கேட்கத் தகாத கேள்வி அது.

இனி என் கதைக்கு வருகிறேன். சாரணர் இயக்கம் நம் மாநிலத்தில் ஆழ வேரூன்றிய ஒன்று. அன்னி பெசன்ட் அம்மையார் 1917-இல் சென்னையில் இந்தியச் சிறுவருக்கெனச் சாரணர் சங்கம் அமைத்தார். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். பிரிந்து கிடந்த இயக்கங்கள் விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. ஆசிரியப் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்த புதிதில் நானும் சாரண ஆசிரியர் பயிற்சி பெற்றேன். வழிக்குறிகள் பற்றிய பாடத்தில் கல்லடுக்கு, அம்புக்குறி, புல் முடிச்சு ஆகியவற்றைக் கற்பித்தனர். புல் முடிச்சைக் கண்டதும் எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினர். அக்கைதட்டல் எனக்குச் சிறிது செருக்கையும் தந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

1986-ஆம் ஆண்டு ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் 22 மாணவர்களை அழைத்துக்கொண்டு விடியுமுன் புறப்பட்டேன். சேத்தூர், தேவதானம் வழியாகச் சென்று மேற்கே மலையடியில் உள்ள சாஸ்தா கோவில் ஓடையை அடைவது திட்டம். தறியொலியிலும் தெருப்புழுதியிலும் வளர்ந்த பிள்ளைகள். மரங்கள் அடர்ந்த இடத்தை அடைந்ததும் அவர்கள் பேச்சு தானே தாழ்ந்தது. நான் ஏட்டிலிருந்து மரங்களின் பெயர்களைப் படித்தேன். எது எந்த மரம் என்று பாதிக்கு மேல் எனக்கே தெரியாது. உச்சிவேளையில் ஓடையை அடைந்து, கட்டுச்சோற்றுத் தூக்குகளை ஓர் அகன்ற பாறைமீது வரிசையாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் நீரில் இறங்கினர். முழங்கால் அளவு நீர். கண்ணாடிபோல் தெளிவு. வானத்தில் எங்கள் தலைக்குமேல் ஒரு முகில் இல்லை.

மேலிருந்து பளியர் முதியவர் ஒருவர் இறங்கி வந்தார். தோளில் சாக்குப்பை, கையில் தேன் வைத்த தகரம். எங்களைக் கடந்து போகப் போனவர் ஓடைக்கரையில் நின்றார். குனிந்து நீரில் கையை விட்டார், மோந்து பார்த்தார். பின் என்னிடம் வந்து, "வாத்தியாரய்யா, பிள்ளைகள மேல ஏத்துங்க. தண்ணி மாறுது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வானம் வெளுத்துத்தானே பெரியவரே இருக்கிறது? இன்னும் சாப்பிடவே இல்லையே" என்றேன். அவர் என்னோடு வாதிடவில்லை. தகரத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே நீரில் இறங்கி, இருப்பவர்களுள் சிறிய பையனைத் தூக்கிக் கரையில் விட்டார். அடுத்தவன் கையைப் பற்றினார். அப்போதுதான் நானும் ஊதலை எடுத்து ஊதினேன். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கரையேறினர். அவர் அதோடு விடாமல் கரைக்கும் மேலே, ஆள் உயரத்திற்கு மேற்பட்ட மேட்டில் எங்களை ஏறச் செய்தார்.

நீர் முதலில் நிறம் மாறியது. பிறகு சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிறகு ஓர் இரைச்சல். பெரிய வண்டி ஒன்று கல்பாவிய பாதையில் வருவது போன்ற ஓசை அது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிற வெள்ளம் வளைவைத் திரும்பி வந்து, தூக்குகள் இருந்த பாறையை மூடிக்கொண்டு போயிற்று. ஒரு தூக்குகூட மிஞ்சவில்லை. நான் பிள்ளைகளை எண்ணினேன். 22. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணும்போது என் குரல் எழவில்லை.

மேல்மலையில், எங்கள் கண்ணுக்குத் தெரியாத முகடுகளுக்கு அப்பால், கோடைமழை கொட்டியிருக்கிறது. மலையடியில் நிற்பவனுக்கு வெயில். ஓடைக்குத் தாய்மடி எங்கோ இருக்கிறது. செங்குத்தான சரிவில் விழுந்த மழை மண்ணுள் இறங்க நேரமின்றி ஓடைகளில் திரண்டு, குறுகிய பள்ளத்தில் சுவர்போல் எழுந்து வரும். இவ்விளக்கத்தைப் பின்னர் நூல்களில் படித்தேன். அன்று அந்த முதியவர் சொன்னது, வழியில் நாங்கள் சேர்ந்து நடந்தபோது, இரண்டே செய்திகள்: மண்வாடை நீரில் முதலில் வரும், ஓடையில் குடிக்க வந்த குருவிகள் திடீரென்று இல்லாமற்போகும். குருவிகள் இருந்தனவா என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

பசியோடு ஊர் திரும்பினோம். மறுநாள் பள்ளிப் பதிவேட்டில் நான் எழுதியது இது: "22 சாரணர்கள் கலந்துகொண்டனர். பயணம் இனிதே நிறைவுற்றது." அந்த முதியவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதினால் என் அறியாமையையும் எழுத நேரும். அவர் பெயரை எழுதியிருக்கவும் முடியாது. நான் கேட்கவே இல்லை. பெட்ரார்க்கின் கடிதத்தையும் லாம்டனின் கயிற்றையும் பற்றி இவ்வளவு பேசிய நானே அவ்வாறு செய்தேன்.

பளியர் பழனிமலையிலிருந்து நம் திருவில்லிபுத்தூர் மலை வரை வாழும் மக்கள். தேனும் கிழங்கும் எடுப்பதில் வல்லவர். 1962 முதல் 1964 வரை அவர்களிடையே தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மானிடவியலார், அவர்கள் அறிவைப் பாடமாக ஓதிக் கொடுப்பதில்லை, ஒவ்வொருவரும் தம் பட்டறிவால் கற்கின்றனர் என்று எழுதினார். நூலாக்கப்படாத அறிவு அது. உடையவரோடு போய்விடக் கூடியது. 1988-இல் இம்மலைக்காடு நரையணிலின் பொருட்டுச் சரணாலயமாயிற்று. மரத்துக்கு மரம் தாவும் அவ்வணில், கிளைகள் ஒன்றோடொன்று கோத்த காடு இருந்தாலன்றி வாழாது. 2021-இல் மேகமலையும் சேர்ந்து திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று, இந்தியாவில் 51-ஆவது. காட்டுக்கு இக்காவல் வேண்டியதே. அதனோடு, காட்டை அறிந்தவர் காட்டைவிட்டு விலகிப்போகாமல் இருக்கவும் வழி வேண்டும் அன்றோ?

ஏன் இதனை வற்புறுத்துகிறேன் என்றால், நான் தப்பிய இடத்தில் பிறர் தப்பவில்லை. 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர் கூட்டத்தைத் திடீர் வெள்ளம் தாக்கிப் பலர் உயிரிழந்தனர். சித்தர் வாழும் மலை என்று போற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து ஏறும் வழி அது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதினும் விரைந்து ஏறும். 20-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் இளைஞர், மாண்டனர். அவ்வாண்டிலேயே மலைநடைப் பயணத்தை முறைப்படுத்த மாநில அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 நடைவழிகளைத் தேர்ந்து, மலைவாழ் இளைஞருக்கும் காட்டோரச் சிற்றூர் இளைஞருக்கும் பயிற்சி தந்து அவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டம் தொடங்கியது. கட்டணம் மிகுதி என்று சிலர் குறை கூறக் கேட்டேன். மாணவருக்கு அது குறைவாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் வழி காட்டுபவருக்குக் கூலியும், சட்டையில் பெயர்ப்பட்டையும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

அந்நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு மறுபடியும் மாணவரோடு அவ்வோடைக்குச் சென்றேன். இம்முறை தூக்குகளை மேட்டில் வைத்தோம். அந்த முதியவரைத் தேடினேன். மலையடியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தேன் எடுக்கும் காலமாதலால் அவர்கள் மேலே போயிருப்பார்கள் என்றார். பெயரைக் கேட்டேன்; அங்ஙனம் பலர் வருவர், எவரைச் சொல்லுகிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கப் பாதையின் ஓரத்தில் உயரமான புல் ஒரு கைப்பிடி அளவு சேர்த்து முடிச்சிடப்பட்டிருந்தது. பச்சை மாறாத புல். அன்றோ முந்தின நாளோ முடிந்ததாக இருக்க வேண்டும். ஒரு பையன் அதனை அவிழ்க்கக் குனிந்தான். விடச் சொன்னேன். யாருக்காக முடிந்தது என்று அவன் கேட்டான். பின்னால் வருபவருக்கு என்றேன்.